கருமணலும் காந்தமும்

இளம் அறிவியல் (இயற்பியல்), இரண்டாம் ஆண்டு

காந்தம் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது இரும்பு. லாடக் காந்தத்தையும் இரும்புத் தூளையும் காட்டித்தான் பள்ளியில் நமக்குக் காந்தவியலைத் தொடங்கி வைத்தார்கள். இரும்பு, கோபால்ட், நிக்கல் ஆகிய மூன்றின் பெயரையும் ஒரே மூச்சில் ஒப்பிக்கக் கற்றோம். ஆனால், தனிம வரிசை அட்டவணையின் அடியில், பந்தியில் இடமில்லாமல் திண்ணையில் உட்கார வைக்கப்பட்ட விருந்தினரைப் போலத் தனி வரிசையாக நிற்கும் தனிமங்களை நம்மில் எத்தனை பேர் நின்று பார்த்திருக்கிறோம்? காந்தப் பண்பில் இரும்பையும் விஞ்சக்கூடியவை அவற்றுள் உண்டு. அவற்றைப் பற்றியதே இக்கட்டுரை.

எங்கள் துறையில் மாணவர் கருத்தரங்குக்காகச் சீட்டுக் குலுக்கியபோது எனக்கு வந்த தலைப்பு 'அருமண் தனிமங்களின் காந்தப் பண்பு' என்பது. பக்கத்தில் அமர்ந்திருந்த நண்பருக்குச் 'சூரிய மின்கலம்' வந்தது. அவரைப் பார்த்துப் பலர் பொறாமைப்பட்டனர். என்னைப் பார்த்து இரக்கப்பட்டனர். எனக்கோ உள்ளூர மகிழ்ச்சி. காரணம், நான் பிறந்து வளர்ந்தது குமரி மாவட்டக் கடற்கரையில். எங்கள் ஊரில் அலை பின்வாங்கும்போது வெண்மணலின் மேல் கரிய கோடுகள் படியும். உடைந்த ஒலிபெருக்கியிலிருந்து எடுத்த காந்தத்தை நூலில் கட்டி அந்த மணலில் இழுத்து, அதன் முகத்தில் மீசை முளைப்பதைப் பார்த்துச் சிரிப்பது எங்கள் சிறுவயது விளையாட்டு. அவ்வாறு ஒட்டியவை இரும்பு கலந்த கனிமத் துகள்கள். அவற்றோடு கலந்து, எங்கள் விளையாட்டுக் காந்தத்துக்குப் பிடிபடாமல் கிடந்த பழுப்பு மஞ்சள் நிறத் துகள் ஒன்று உண்டு. அதன் பெயர் மோனசைட். அருமண் தனிமங்கள் குடியிருக்கும் வீடு அதுதான்.

ஸ்காண்டியம், இட்ரியம், லாந்தனம் முதல் லுட்டீசியம் வரையான பதினைந்து என மொத்தம் 17 தனிமங்களை அருமண் தனிமங்கள் என்கிறோம். சுவீடன் நாட்டில் இட்டர்பி என்னும் சிற்றூரில், 1787-ஆம் ஆண்டு, ஆரீனியஸ் என்ற படை அதிகாரி கனமான கருங்கல் ஒன்றைக் கண்டெடுத்தார். 1794-இல் காடலின் என்ற வேதியியலார் அதனுள் புதியதொரு மண் இருப்பதை அறிந்தார். அச்சிற்றூரின் பெயரிலிருந்தே இட்ரியம், டெர்பியம், எர்பியம், இட்டர்பியம் என நான்கு தனிமங்கள் பெயர் பெற்றன. 'அரிய' என்பது பெயரளவில்தான். இவற்றுள் ஒன்றாகிய சீரியம், புவியின் மேலோட்டில் ஏறத்தாழச் செம்பின் அளவுக்கு உள்ளது. அரியது அவற்றின் இருப்பன்று. ஒன்றினின்று ஒன்றைப் பிரித்தெடுக்கும் வேலையே அரியது. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளைப் போல வேதிப் பண்பில் எல்லாம் ஒரே சாயல்.

எங்கள் கரைக்கு இந்தக் கதை வந்து சேர்ந்த விதம் எனக்கு மிகவும் பிடித்தமானது. அக்காலத்தில் ஐரோப்பிய வீடுகளிலும் தெருக்களிலும் எரிந்த வாயு விளக்குகளின் மேண்டில், தோரியம் ஆக்சைடுடன் சிறிதளவு சீரியம் ஆக்சைடு சேர்த்துச் செய்யப்பட்டது. நம் ஊர்த் திருவிழாக்களில் எரிந்த பெட்ரோமாக்ஸ் விளக்கின் வெண்மையான வலைக்கும் அதே பரம்பரைதான். இந்தத் தோரியத்துக்காக மோனசைட்டைத் தேடி அலைந்த காலத்தில், 1909-இல், ஷோம்பர்க் என்னும் ஜெர்மானியர் திருவிதாங்கூரிலிருந்து சென்ற கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டார். பின்னர் மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் ஆலை எழுந்தது. என் தாயார் கயிறு திரிப்பவர். அழுகிய கதம்பலை அடித்துத் தும்பாக்கி, ராட்டில் கோத்துத் திரிப்பதைக் கண் திறந்த நாள் முதல் கண்டு வருகிறேன். மாலையில் அவர் உதறும் முந்தானையிலிருந்து விழும் மணலுக்குள் இத்தனை வரலாறு இருந்ததா என்று வியந்தேன்.

இனிக் காந்தத்துக்கு வருவோம். அணுவிலுள்ள எலக்ட்ரான்கள் ஒவ்வொன்றும் ஒரு சிறு காந்தம். பெரும்பாலான அணுக்களில் அவை இரண்டிரண்டாகச் சேர்ந்து ஒன்றை ஒன்று நீக்கிவிடுகின்றன. அருமண் அணுக்களில் 4f என்னும் கூடு உண்டு. அது வெளிப்புறத்தில் இல்லை. 5s, 5p கூடுகளுக்கு உள்ளே, வீட்டின் உள்ளறை போல ஒதுங்கியிருக்கிறது. பக்கத்து அணுக்களுடன் கைகுலுக்கும் வேலை வாசலில் நிற்கும் எலக்ட்ரான்களுடையது. உள்ளறையில் இருப்பவர்களை யாரும் தொந்தரவு செய்வதில்லை. ஆகவே அவர்களின் காந்தம் குலையாமல் இருக்கிறது. ஓர் இரும்பு அணுவின் காந்தத் திருப்புத்திறன் ஏறத்தாழ 2.2 போர் மேக்னட்டான். ஹோல்மியம் அணுவுக்கு அது 10-க்கும் மேல்!

அப்படியானால் அருமண் உலோகத் துண்டு இரும்பாணியை ஏன் இழுப்பதில்லை என்று கேட்கலாம். காடலீனியத்தை எடுத்துக்கொள்வோம். அதன் 4f கூட்டில் ஏழு எலக்ட்ரான்கள் ஒரே திசை நோக்கி அணிவகுத்து நிற்கின்றன. ஆயினும் அதன் கியூரி வெப்பநிலை ஏறத்தாழ 20 டிகிரி செல்சியஸ். அதற்கு மேல் வெப்பம் அணிவகுப்பைக் கலைத்துவிடும். மின்விசிறியும் சரியாகச் சுழலாத நம் ஆய்வகத்தில் மதியம் இரண்டு மணிக்குக் காடலீனியத்தை வைத்தால் அதற்கும் நம்மைப் போலவே சோர்வு வந்துவிடும்! பிற அருமண் உலோகங்களுக்கு இன்னும் குளிர் வேண்டும். அறை வெப்பநிலையில் அவை பாரா காந்தங்கள். வலிய காந்தப்புலத்துக்கு மட்டும் மெல்ல அசைந்து கொடுப்பவை. மணல் ஆலையில் மோனசைட்டை மற்ற துகள்களிலிருந்து பிரிக்க வலிய மின்காந்தத்தைப் பயன்படுத்துவதும் இந்தப் பண்பை வைத்துத்தான்.

உள்ளறையில் அடைபட்டிருக்கும் ஓர் அணுவின் காந்தம், அடுத்த அணுவின் காந்தத்தோடு எவ்வாறு பேசுகிறது? இதுதான் நான் படித்தவற்றுள் மிகச் சுவையான பகுதி. உலோகத்தில் கட்டின்றித் திரியும் எலக்ட்ரான்களே தூது போகின்றன. குளத்தில் கல்லிட்டால் மேடும் பள்ளமுமாக வளையங்கள் பரவுமல்லவா? அதுபோல ஓர் அணுவைச் சுற்றி, திரியும் எலக்ட்ரான்களின் தற்சுழற்சியில் மேடு பள்ளங்கள் உண்டாகின்றன. அடுத்த அணு மேட்டில் இருந்தால் இருவரும் ஒரே திசை நோக்குவர்; பள்ளத்தில் இருந்தால் எதிரெதிர் திசை நோக்குவர். ருடர்மான், கிட்டல் ஆகியோர் 1954-இலும், கசுயா 1956-இலும், யோசிடா 1957-இலும் வளர்த்த கருத்து இது. ஆக, தூது செல்லும் எலக்ட்ரான்களின் குணம் மாறினால் காந்தத்தின் குணமும் மாறும். எலக்ட்ரான்கள் விந்தையானவையாக இருந்தால் காந்தமும் விந்தையானதாக வேண்டும். அந்த விந்தை எலக்ட்ரான்கள் வாழும் இடமே 'இடத்தியல் அரை உலோகம்'.

பெயரைக் கண்டு அஞ்ச வேண்டா. இடத்தியல் என்பது வளைத்தாலும் நீட்டினாலும் மாறாத பண்புகளைப் பற்றிய கணிதம். இதை எனக்கு விளங்க வைத்தது எந்த நூலும் அன்று. என் தாயாரின் கயிறு. தும்பை வலப்புறமாக முறுக்கலாம், இடப்புறமாகவும் முறுக்கலாம். முறுக்கிய கயிற்றின் இரு முனைகளையும் சேர்த்து ஒட்டி வளையமாக்கிவிட்டால், அதை எப்படி நசுக்கினாலும் இழுத்தாலும் உள்ளே ஏறிய முறுக்கு போகாது. போக்க வேண்டுமானால் கயிற்றை அறுத்தே ஆக வேண்டும். சில படிகங்களில் எலக்ட்ரான் அலைகளுக்குள் இப்படிப்பட்ட முறுக்கு ஏறியிருக்கிறது. சிறு அழுக்கோ சிறு நெளிவோ அதை அவிழ்க்க முடியாது.

1929-ஆம் ஆண்டு ஹெர்மன் வைல் என்னும் கணித மேதை, நிறையே இல்லாத துகளுக்கு ஒரு சமன்பாடு எழுதினார். அத்துகளில் வலம்புரி, இடம்புரி என இரு வகை. அது தனித்துகளாக எங்கும் பிடிபடவில்லை. 2011-இல் வான், டர்னர், அஸ்வின் விஸ்வநாத், சவ்ரசோவ் ஆகியோர், இரிடியமும் இட்ரியம் போன்ற அருமண் தனிமங்களும் சேர்ந்த காந்தப் படிகங்களுக்குள் எலக்ட்ரான்கள் வைல் துகள்களைப் போல நடக்கலாம் என்று கணித்தனர். 2015-இல் டான்டலம் ஆர்சனைடு என்ற படிகத்தில் அத்தகைய எலக்ட்ரான்கள் ஆய்வில் காணப்பட்டன. எலக்ட்ரானின் ஆற்றல் பட்டைகள் இரண்டு, சில தனிப் புள்ளிகளில் மட்டும் தொட்டுக்கொள்ளும். அப்புள்ளிகள் எப்போதும் இணையாகவே வரும்: ஒன்று வலம்புரி என்றால் மற்றொன்று இடம்புரி. இரண்டும் சந்தித்தாலொழிய எதையும் அழிக்க இயலாது. இத்தகைய புள்ளிகள் தோன்ற, படிகம் ஏதேனும் ஒரு சமச்சீரை இழந்திருக்க வேண்டும். படிகத்தின் அமைப்பே அதை இழந்திருக்கலாம். அல்லது காந்தம் அதைக் குலைக்கலாம். அருமண் அணுக்கள் கதைக்குள் நுழைவது இங்கேதான்.

காடலீனியம், பிளாட்டினம், பிஸ்மத் மூன்றும் சேர்ந்த படிகம் ஒன்று. ஏறத்தாழ 9 கெல்வினுக்குக் கீழே அதன் காந்தங்கள் எதிரெதிராக நிற்கும். வெளியிலிருந்து காந்தப்புலம் செலுத்தினால் அதில் வைல் புள்ளிகள் பிறக்கின்றன. பொதுவாக உலோகத்தைக் காந்தப்புலத்தில் வைத்தால் மின்தடை கூடும். இந்தப் படிகத்திலோ, மின்னோட்டத்தின் திசையிலேயே புலத்தைச் செலுத்தியபோது தடை குறைந்தது என்று 2016-இல் அறிவித்தனர். வலம்புரி எலக்ட்ரான்கள் இடம்புரிப் பக்கம் கட்சி மாறுவதே அதற்குக் காரணம் என்று விளக்கினர்.

இரண்டாவது படிகம் நியோடிமியம், அலுமினியம், சிலிக்கன் சேர்ந்தது. கற்கண்டு விளைவிப்பதைப் பார்த்திருப்பீர்கள்; பாகை மெல்ல ஆறவிட்டால் நூலைச் சுற்றிக் கட்டி கட்டியாகப் படியும். அதே முறைதான், பாகுக்குப் பதில் உருகிய அலுமினியம். இப்படிகம் தன் அமைப்பாலேயே வைல் புள்ளிகள் உடையது. ஏறத்தாழ 7 கெல்வினுக்குக் கீழே, அதாவது சுழிக்குக் கீழ் 266 டிகிரியில், நியோடிமியத்தின் காந்தங்கள் அணிவகுக்கின்றன. நியூட்ரான் கற்றையைச் செலுத்திப் பார்த்தபோது அந்த அணிவகுப்பு நேர்கோடாக இல்லை. மெல்லிய திருகு ஒன்று அதில் ஏறியிருந்தது. அந்த அணிவகுப்பின் அலைநீளம், வைல் எலக்ட்ரான்கள் வாழும் திட்டுகளுக்கு இடையிலான தொலைவோடு பொருந்தியது. 2021-இல் வெளியான இச்செய்தியின் பொருள் என்ன? காந்தம் எலக்ட்ரானை ஆட்டுவிப்பதை முன்பே அறிவோம். இங்கே தூது போன எலக்ட்ரான்கள் தம் முறுக்கையே காந்தத்துக்கும் ஏற்றிவிட்டன! இதைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஏனெனில் மோனசைட்டில் மிகுதியாக உள்ளவை சீரியம், லாந்தனம், நியோடிமியம், பிரசியோடிமியம் ஆகியவையே. எங்கள் கரையில் காலில் ஒட்டும் அதே நியோடிமியம்!

மூன்றாவது கதை சற்று வேறு வகை. யூரோப்பியம், காட்மியம், ஆர்சனிக் சேர்ந்த படிகம், ஒரே ஓர் இணை வைல் புள்ளிகளை மட்டும் கொண்ட மிக எளிய காந்த அரை உலோகமாகலாம் என்று 2019-இல் கட்டுரைகள் வந்தன. அத்துறையினர் பலர் அதை நாடிச் சென்றனர். 2023-இல் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்தோர் உள்ளிட்ட ஒரு குழு, மிகத் தூய யூரோப்பியத்தைக் கொண்டு மீண்டும் படிகம் வளர்த்து, ஒளியைச் செலுத்தி அளந்தது. பட்டைகள் தொட்டுக்கொள்ளவே இல்லை, நடுவே 0.77 எலக்ட்ரான் வோல்ட் இடைவெளி இருந்தது. அது அரை உலோகமே அன்று, காந்தமுள்ள குறைக்கடத்தி என்று அவர்கள் எழுதினர். முன்பு உலோகம் போலத் தோன்றச் செய்தது அழுக்கு. அறிவியலில் பெரிய பெயரைவிடத் தூய பொருளும் துல்லிய அளவீடும் வலியவை என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா? உப்பளவு அழுக்குக்கும் கணக்குக் கேட்கும் எங்கள் வேதியியல் ஆய்வக உதவியாளர் அண்ணனை அன்று நன்றியோடு நினைத்துக்கொண்டேன்.

கருத்தரங்கில் இவற்றைச் சொல்லி முடித்ததும் கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல்: "இதனால் என்ன பயன்?" நியாயமான கேள்வி. 1879-இல் எட்வின் ஹால் என்ற ஆராய்ச்சி மாணவர், தங்கத் தகட்டில் மின்னோட்டத்துக்குக் குறுக்கே மிகச் சிறிய மின்னழுத்தம் ஒன்றைக் கண்டார். அன்று அதற்கு ஒரு பயனும் இல்லை. இன்று மின் ஸ்கூட்டரின் சக்கரத்துக்குள் அவர் பெயர் தாங்கிய உணரி இருக்கிறது. இதைச் சொன்னேன், கைதட்டினார்கள். என் விடையும் அத்தோடு முடிந்துவிட்டது என்றுதான் தோன்றியது.

வீட்டில் எழுந்த கேள்விக்குக் கைதட்டல் விடையாகவில்லை. "அந்த மண்ணுல அப்படி என்னதான் மக்ளே இருக்கு?" என்று அம்மா கேட்டார். கயிற்றைக் காட்டியே முறுக்கையும் காந்தத்தையும் விளக்கினேன். "முறுக்கு ஏறினா அறுத்தாத்தான் போகும். இதுக்கு ஒரு புஸ்தகமா?" என்று சிரித்தார். திண்ணையில் இருந்த மாமா சிரிக்கவில்லை. "நீ படிச்சு முடிச்சு மண்ணு அள்ளுதவனுக்குத்தான் கணக்கு எழுதப் போறியா? கடலு நம்ம நடை வரைக்கும் ஏறியாச்சு, கேட்டியா" என்றார். "அந்த மண்ணுல கிடைச்ச கூலியிலதான் எம் பிள்ளைய படிச்சுது" என்றார் அடுத்த வீட்டு அத்தை. இருவர் சொல்வதும் உண்மை. எங்கள் ஊரே இப்படி இரண்டாகத்தான் நிற்கிறது. வலம்புரியும் இடம்புரியும் போல.

நான் படித்ததை வைத்து எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஆய்வாளர்கள் வளர்க்கும் படிகத்துக்குச் சிறிதளவு உலோகமே போதும்; அதற்காக எவரும் கடற்கரையைத் தோண்ட வேண்டியதில்லை. பெருந்தேவை வேறிடத்தில் இருக்கிறது. 1980-களில் நியோடிமியம், இரும்பு, போரான் சேர்ந்த வலிய நிலைக்காந்தம் கண்டுபிடிக்கப்பட்டது. மின் வண்டிகளின் மோட்டார்களும் நாம் காதில் மாட்டும் ஒலிக்கருவிகளும் அதைக் கேட்கின்றன. மோனசைட்டில் தோரியமும் உண்டு. அதனால் எங்கள் கரையில் இயற்கைக் கதிர்வீச்சு பிற இடங்களைவிட மிகுதி. அது மணல் அள்ளுவதற்கு முன்பே இருந்து வருவது. ஆனால், அள்ளினால் கரை எவ்வளவு தேயும், எங்கே அள்ளவே கூடாது, பிரித்த பின் மிஞ்சும் மணல் எங்கே போகிறது, கதிர்வீச்சு கூடுகிறதா குறைகிறதா என்பவற்றுக்கெல்லாம் அளந்து பார்த்த எண்களே விடை சொல்ல வேண்டும். "அந்த எண்ணை நமக்கு யாரு படிச்சுச் சொல்லுவா?" என்று கேட்டார் மாமா. நான் சற்று நேரம் பேசாமல் இருந்தேன். எங்கள் தெருவில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். "நான் படிச்சுச் சொல்லுதேன் மாமா" என்றேன். "சொன்னாச் சரி" என்று எழுந்து போனார்.

நண்பர்களே! பட்டம் பெற்றதும் ஒரு வேலை என்பதே வீட்டில் என்னைப் பற்றிய கணக்கு. கயிற்றுக் கூலியில் வாழும் குடும்பத்துக்கு அது பேராசையன்று. ஆயினும் முதுகலை படிக்க வேண்டும் என்ற எண்ணம் இப்போது எனக்குள் வேர் விட்டிருக்கிறது. விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்பில் 1898-இல் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன், டாக்காவிலும் கல்கத்தாவிலும் சிறு படிகங்களை மெல்லிய குவார்ட்சு இழையில் தொங்கவிட்டு, அவற்றின் காந்தப் பண்பு திசைக்குத் திசை மாறுவதை அளந்தார். அவர் கையில் பெரிய எந்திரம் இல்லை. நல்ல இழையும், நல்ல படிகமும், பொறுமையும் இருந்தன. நம் துறை ஆய்வகத்தில் திரவ ஹீலியம் இல்லை. 7 கெல்வினை நாம் கண்ணால் காணப் போவதில்லை. ஆனால், திசைகாட்டிப் பெட்டியும் அளவுகோலும் பொறுமையும் இருக்கின்றன. காந்தமானியின் முள் நடுக்கம் ஓயும்வரை காத்திருந்து, இருபுறமும் பார்த்து எண்ணைக் குறிக்கச் சொல்லித் தருகிறார்களே நம் ஆசிரியர்கள், அந்தப் பழக்கம்தான் படிகத்தின் அழுக்கையும் கண்டுபிடிக்கும். கடற்கரையின் தேய்வையும் கண்டுபிடிக்கும்.

ஆகவே உங்களை வேண்டுவது ஒன்றே. உங்கள் ஊர் மண்ணிலும், ஆற்றிலும், பாறையிலும் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். ஆங்கில நூலில் இருந்தால் படித்துத் தமிழில் உங்கள் வீட்டாருக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது அவர்கள் கேட்கும் கேள்விகளைத் தேர்வு வினாக்களைவிடக் கவனமாகக் குறித்துக்கொள்ளுங்கள். என் குறிப்பேட்டின் முதற் பக்கத்தில் மாமாவின் கேள்வி இருக்கிறது. அதற்கு விடை எழுத இன்னும் பல பக்கங்கள் மீதம் உள்ளன.